நேட்ரான் ஏரிக்கு இரண்டு ராத்திரி

தான்சானியாவின் நேட்ரான் ஏரி செரங்கெட்டிக்குப் போகிற வழியில் இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் இருக்கிற மாதிரி தெரியும். எங்களுக்கு ஏற்பாடு செய்த சென்னை ஏஜென்டுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. "மன்யாரா முடிச்சிட்டு, போற வழியில ஒரு ராத்திரி நேட்ரான், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு செரங்கெட்டி மேடம்" என்று போனிலும் சொன்னார், யானைப் படம் போட்ட பிடிஎஃப்பிலும் அடித்து அனுப்பினார். அந்த ஒற்றை வரியால் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் தண்டம். குடும்பத்தில் இன்றைக்கும் அந்தத் தண்டம் என் கணக்கில்தான் இருக்கிறது. "அண்ணிதான் அந்த உப்பு ஏரியைப் பாத்தே ஆகணும்னு நின்னாங்க" என்று என் நாத்தனார் போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றது நான்தான். ஒரு ராத்திரி போதும் என்று சொன்னது நான் இல்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது பறவைப் பைத்தியம். பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் பூநாரை பார்த்திருக்கிறேன். அங்கே நம் கண்ணில் படுவது பெரும்பாலும் பெரிய பூநாரை. வெளிறிய ரோஜா நிறம், நுனி மட்டும் கறுத்த அலகு. சிறு பூநாரை வேறு. உடம்பு சின்னது, நிறம் அழுத்தம், அலகு கருஞ்சிவப்பு. கிழக்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கும் இந்தப் பறவைகள் இரைக்காக ஏரி ஏரியாக அலைந்தாலும், முட்டையிட நம்புவது பெரும்பாலும் நேட்ரான் ஒன்றைத்தான். டிஸ்னி 2008இல் வெளியிட்ட 'தி கிரிம்சன் விங்' படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் ஒற்றைக் காலில் நின்றேன் என்று விளக்க வேண்டியதில்லை.

நாத்தனார் பார்த்தது அந்தப் படத்தை அல்ல, வாட்ஸ்அப்பில் வந்த வேறொன்றை. "தொட்டால் கல்லாக்கிவிடும் மர்ம ஏரி!" கல்லாகிப்போன ஒரு பறவை கிளையில் உட்கார்ந்திருக்கும் படம். நிக் பிராண்ட் என்ற புகைப்படக் கலைஞர் நேட்ரான் கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பறவைகளை எடுத்து, உயிரோடு இருப்பது போல நிறுத்தி எடுத்த படம் அது. 2013இல் உலகமெல்லாம் சுற்றியது. ஏரித் தண்ணீரில் இருக்கும் சோடா உப்பு செத்த உடம்பை உலர்த்திக் கெட்டுப்போகாமல் வைக்கும் என்பது உண்மை. பழைய எகிப்தில் பிணங்களைப் பதப்படுத்தியதும் இந்த வகை உப்பை வைத்துத்தான். ஆனால் தொட்டவுடன் கல்லாவது சுத்தப் புருடா. கல்லாகிற ஏரியில் வரிக்குதிரை எப்படிக் கரையோரம் மேயும்? இதைப் புரியவைக்கவே எனக்குப் பாதி விமானப் பயணம் போயிற்று.

விசா, மலேரியா மாத்திரை, டாலர் மாற்றுவது எல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். ஜீப்பின் பின்பக்கத்தில் அதுதான் மடங்கி உட்காரும். நாங்கள் போனது புரட்டாசியில். நீங்களும் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையை ஒட்டித்தான் கிளம்புவீர்கள் என்பதால் சொல்கிறேன்: அசைவம் இல்லை என்பதை வண்டி கிளம்பும் ஊரான அருஷாவிலேயே டிரைவரிடம் சொல்லி, முகாமுக்குப் போன் போடச் சொல்லுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால் மூன்று வேளையும் முட்டைக்கோஸ்தான். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போனதால் பிழைத்தோம்.

இப்போது வழிக்கு வருகிறேன். அருஷாவிலிருந்து ம்தோ வா ம்பு என்கிற சந்தை ஊர்வரை நல்ல தார்ச்சாலை. மன்யாரா பூங்காவின் வாசலே அந்த ஊரில்தான். எல்லோருடைய வண்டியும் அங்கிருந்து நேராக மேலே ஏறி ங்கோரோங்கோரோவுக்குப் போகும். நேட்ரானுக்குப் போகிறவர்கள் வடக்கே திரும்ப வேண்டும். அதன்பிறகு ஏரிக்கரைக் கிராமமான எங்கரே சேரோ வரைக்கும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நம் ஊர்க் கணக்கில் இரண்டு மணி நேரம் என்று மனம் சொல்லும். சொல்லட்டும். பெரும்பகுதி மண் பாதை, அதில் பாதி எரிமலைச் சாம்பல். முன்னால் ஒரு வண்டி போனால் அடுத்த கால் மணி நேரத்துக்கு நமக்கு ஒன்றும் தெரியாது. வண்டி நல்ல வண்டியாக இருந்து, டிரைவருக்கும் வழி பழகியிருந்து, பகலிலும் போனால் நான்கு மணி நேரம். வழியில் ஆங்காங்கே குறுக்கே கம்பு போட்டு மாவட்ட நிர்வாகம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறது. நேட்ரான் தேசியப் பூங்கா அல்ல, அதனால் பூங்காக் கட்டணத்தில் இது சேராது. "எல்லாம் அடங்கிய பேக்கேஜ்" என்று சொன்ன நம் ஆள் இதை அடக்கவில்லை. ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இன்னொரு கம்பில் காட்டச் சொல்வார்கள்.

பாதி வழியில் எங்கருகா. மலையடிவாரத்தில் கல் அடுக்கிக் கால்வாய் வெட்டி, படிப்படியாகப் பாத்தி கட்டி விவசாயம் செய்த ஒரு பெரிய ஊர் அங்கே சில நூற்றாண்டுகள் இருந்து, பிறகு கைவிடப்பட்டிருக்கிறது. அந்த மக்கள் யார், எங்கே போனார்கள் என்பது இன்னும் தீராத வாதம். இறங்கிப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. நேரம் ஏன் இல்லாமல் போயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ம்தோ வா ம்புவில் மதியச் சாப்பாடு. அங்கே நம் ஊர்ச் செவ்வாழை மாதிரியே சிவப்பு வாழைப்பழம் பிரசித்தம், அதை வாங்கினோம், நியாயம். பக்கத்தில் டிங்காடிங்கா ஓவியக் கடைகள். எட்வர்ட் டிங்காடிங்கா என்பவர் 1960களில் தாருஸ்ஸலாமில் சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்டை வைத்துத் தொடங்கிய பாணி. பளபளவென்று சிறுத்தையும் ஒட்டகச்சிவிங்கியும். எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு, அதாவது நாத்தனாரின் கணவருக்கு, ஒரு ஒட்டகச்சிவிங்கி பிடித்துவிட்டது. விலை பிடிக்கவில்லை. கடைக்காரர் ஒரு தொகை சொல்ல, இவர் பாதி சொல்ல, அவர் கால்குலேட்டரை நீட்ட, இவர் கடையை விட்டு இறங்குவது போல இறங்கி மறுபடி ஏற... டிரைவர் இரண்டு தடவை வந்து வானத்தைக் காட்டிவிட்டுப் போனார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையை "கிளம்புங்க" என்று எப்படிச் சொல்வது? தங்கை வீட்டுக்காரர். முப்பது வருஷமாகச் சொல்லாததை ம்தோ வா ம்புவில் வைத்தா சொல்ல முடியும்? கடைசியில் ஒட்டகச்சிவிங்கியைச் சுருட்டிக் குழாயில் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மணி மூன்றரை. அந்த ஊர் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருக்கிறது. ஆறரைக்கு இருட்டு பொத்தென்று விழும்.

எனவே முதல் நாள் ஏரி கிடையாது. கடைசி ஒன்றரை மணி நேரம் முழு இருட்டு. கடவுளின் மலை என்று மசாய் மக்கள் கும்பிடும் ஓல் தோயின்யோ லெங்காய் எரிமலையின் காலடியில்தான் பாதை போகிறது. அதைக் கறுப்புக்குள் ஒரு கூடுதல் கறுப்பாகத்தான் பார்த்தோம். முகாமில் இறங்கியபோது தலைமுடியில் இருந்த சாம்பலைத் தட்டினால் பொடியாகக் கொட்டியது. ஒரு ராத்திரித் திட்டத்தில் முதல் நாள் மாலையை இழந்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள்: மறுநாள் விடியற்காலை மட்டும். அந்த விடியற்காலையில் மூன்று இடம். ஏரி, அருவி, காலடித் தடங்கள். மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

காலடித் தடங்களை விட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. எங்கரே சேரோவில், எரிமலைச் சாம்பல் ஈரமாக இருந்தபோது மனிதர்கள் நடந்துபோய் அப்படியே இறுகிப்போன நானூறுக்கும் மேற்பட்ட தடங்கள் இருக்கின்றன. 2016இல் வெளியான ஆய்வின்படி அவற்றின் வயது 5,000 முதல் 19,000 ஆண்டுகளுக்குள். 2020இல் இன்னொரு ஆய்வு, அதில் ஒரே திசையில் சேர்ந்து நடந்த 17 பேரின் தடங்களை அளந்து, பெரும்பாலும் பெண்கள், அனேகமாக 14 பேர், கூட இரண்டு ஆண்கள், ஒரு இளம்பிள்ளை என்று சொன்னது. உணவு தேடிக் கூட்டமாகக் கிளம்பிய பெண்களாக இருக்கலாமாம். அந்த இரண்டு ஆண்களும் யாருடைய மாப்பிள்ளைகளோ, வழியில் எங்கேயாவது நின்றார்களோ, ஆய்வில் இல்லை. வண்டியில் சில நிமிஷத் தூரத்தில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

ஏரிக்குப் போனோம். இருட்டு விலகுமுன்பே கிளம்ப வேண்டும் என்று ராத்திரியே சொல்லிவைத்தேன். உள்ளூர் மசாய் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது, விடவும் மாட்டார்கள், அது நல்லதுதான். வண்டி ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கப்புறம் நடை. முதலில் குட்டைப் புல், பிறகு சாம்பல் நிறச் சேறு, அதன்மேல் வெள்ளையாகப் பொருக்கு. காலை வைத்தால் மெல்லிய ஓடு உடைகிற சத்தம். ஓட்டுக்குக் கீழே இருப்பது சில இடத்தில் இறுகிய மண், சில இடத்தில் கணுக்காலை வாங்கிக்கொள்ளும் களி. வழிகாட்டி கம்பால் குத்திக் குத்திப் பார்த்து நடந்தார். அவர் கால் பட்ட இடத்திலேயே நானும் கால் வைத்தேன். நாத்தனார் செல்ஃபிக்கு ஒதுங்கினாள்.

ஓரத்துத் தண்ணீரில் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். துணி சோப்புக் கரைசல் போல வழுக்கியது. காரத்தன்மை பிஎச் 10ஐத் தாண்டும் தண்ணீர் அது. ஆழம் மூன்று மீட்டர்கூட இல்லை. வருகிற ஆற்றுக்கும் ஊற்றுக்கும் வெளியே போக வழி கிடையாது, வெயில்தான் வடிகால். சுற்றியுள்ள எரிமலைப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் சோடியம் உப்பெல்லாம் அங்கேயே தங்கிப் படிகிறது. லெங்காயே அப்படிப்பட்ட மலைதான். சாதாரண எரிமலைக் குழம்பு ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது, இது கக்கும் சோடாக் குழம்பு ஐந்நூறு, அறுநூறு டிகிரிதான். கறுப்பாக வழிந்து, ஈரம் பட்டதும் வெளுத்துவிடும்.

கெலாய் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தபோது அவை தெரிந்தன. முதலில் சத்தம்தான், நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் முணுமுணுப்பது போல. அப்புறம் நிறம். கிட்டத்தில் ஒரு கூட்டம், என் பைனாகுலருக்குள் கண்ணின் சிவப்பே தெரிகிற தூரம். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் கீழாக இருக்கும்படி தண்ணீரில் நுழைத்து, இடமும் வலமுமாக வீசி வடிகட்டுகின்றன. அவை தின்பது கண்ணுக்குத் தெரியாத ஸ்பைருலினா பாசி. அந்தப் பாசியில் இருக்கும் நிறமிதான் சிறகில் ஏறுகிறது. ஒரு குஞ்சுப் பறவை, சாம்பல் நிறம் இன்னும் மாறாதது, பெரியவற்றின் நடுவே தடுமாறிக்கொண்டே அதே வேலையைச் செய்து பழகிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு "மணியாச்சு அண்ணி" என்ற குரலுக்குத் திரும்ப முடியுமா? திட்டப்படி திரும்பவேண்டிய நேரத்துக்கு மேல் நான் நின்றது ஒரு மணி நேரம். கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். குடும்ப வழக்கில் என்மீதுள்ள முழுக் குற்றப்பத்திரிகையும் இந்த ஒரு மணி நேரம்தான். ஒட்டகச்சிவிங்கிக்கு ஆன நேரத்தை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கூடுகளைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். அவை ஏரியின் நடுவில், உப்புப் படுகைகளின் மேல், கரையிலிருந்து தெரியாத தூரத்தில் இருக்கும். எல்லா வருஷமும் கூடு வைக்கும் என்பதும் இல்லை. நரியும் கழுதைப்புலியும் அந்தக் காரச் சேற்றைத் தாண்டி வர முடியாது என்பதால்தான் பறவைகள் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. 1954இல் கென்யாவில் வேளாண் அதிகாரியாக இருந்த லெஸ்லி பிரவுன், பறவை ஆய்வாளர், கூடுகளை எட்டிப் பார்க்க அந்தச் சேற்றில் தனியாக நடக்கத் தொடங்கினார். பூட்ஸுக்குள் புகுந்த சோடா கால்களை வெந்துபோக வைத்தது. உயிரோடு கரையேறியதே பெரிது; ஆஸ்பத்திரியில் கிடந்து தோல் ஒட்டு வைக்க வேண்டியிருந்தது. நம் ஊர்ச் சதுப்பில் முழங்கால் வரை இறங்கிப் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் இதை நினைவில் வையுங்கள்.

இந்தக் கரையிலேயே ஒரு சோடா ஆலை வந்திருக்க வேண்டியது. எல்லைக்கு அந்தப் பக்கம் கென்யாவின் மகாடி ஏரியில் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சோடா வெட்டுகிறார்கள். அந்த ஆலை இப்போது டாடா கெமிக்கல்ஸ் வசம். நேட்ரானிலும் தொடங்க 2006 வாக்கில் தான்சானிய அரசோடு சேர்ந்து அவர்கள் திட்டம் போட்டார்கள். பறவைக்காரர்கள் உலகமெங்கும் சத்தம் போட, 2008இல் விலகிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "வந்திருந்தா தார்ரோடு வந்திருக்கும்" என்றார். அவருக்கு முதுகு வலி.

முகாமுக்குத் திரும்பி, குளித்து, மாப்பிள்ளை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து (அவர் சாப்பிடும்போதும் யாரும் அவசரப்படுத்த முடியாது) கிளம்பினோம். ஏரியின் மேற்கே செங்குத்தாக எழும் பள்ளத்தாக்குச் சுவரில் வளைந்து வளைந்து ஏறவேண்டும். கீழே ஏரி வெள்ளையும் சிவப்புமாக விரியும். அதை ரசிக்க முடியாத அளவுக்கு வண்டி குலுங்கும். மேலே சோஞ்சோ மக்களின் கிராமங்கள். சமுங்கே பக்கம் வந்தபோது டிரைவர் கொஞ்சம் உற்சாகமாகிக் கதை சொன்னார். 2011இல் அங்கே ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவர், நாடு முழுக்க பாபு என்றே அறியப்பட்டவர், ஒரு மூலிகை வேரைக் காய்ச்சி ஒரு கோப்பை 500 ஷில்லிங்குக்குக் கொடுத்தாராம். தீராத நோயெல்லாம் தீரும் என்று நம்பி, இந்தப் பாதையில் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வரிசையிலேயே செத்துப்போனவர்களும் உண்டு. பணக்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்தார்கள். நோய் தீர்ந்ததற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை. கதை முடியும் இடத்தில் பின் டயர் படுத்தது.

டயர் மாற்ற முக்கால் மணி நேரம். வாசோ ஊரில் டீசல் போட்டபோதே ஐந்து தாண்டிவிட்டது. டிரைவர் "போலே போலே" (மெதுவா, மெதுவா) என்பதை நிறுத்திவிட்டார். அப்போதே எனக்குப் புரிந்தது. செரங்கெட்டியின் வடகிழக்கு வாசலான கிளைன்ஸ் கேட்டை எட்டியபோது ஆறரை. கேட் ஆறு மணிக்கு மூடிவிடும். காவலர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நாளை காலை ஆறு மணிக்கு." அந்தப் பக்கம் மூன்று மணி நேரத் தூரத்தில், செரோனேராவில், நாங்கள் முன்பணம் முழுதும் கட்டிய கூடார விடுதியில் நான்கு பேருக்கும் விரித்த படுக்கை. இந்தப் பக்கம் நாங்கள். திரும்பி வாசோவுக்கே வந்து, லாரி டிரைவர்கள் தங்கும் ஒரு விடுதியில் கொசுவலைக்குள் படுத்தோம். நாத்தனார் அன்றிரவு என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை; ஒரு சிங்கத்தைப் பார்த்தபோதுகூட தன் கணவரிடம்தான் காட்டினாள். விடுதிப் பணம் வராது என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் கும்பிடும் படம் அனுப்பினார். அடுத்த தாய்லாந்துப் பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறாராம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலாவது, ஏரியை செரங்கெட்டிக்கு முன்னால் வைக்காதீர்கள், பின்னால் வையுங்கள். செரங்கெட்டியை முடித்துக்கொண்டு காலையில் கிளைன்ஸ் கேட் வழியாக வெளியே வந்துவிட்டால், மூடுகிற கேட் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பூங்கா அனுமதியும் 24 மணி நேரக் கணக்கு; வெளியே வந்துவிட்டால் அந்தக் கடிகாரமும் ஓடாது. நேட்ரான் பக்கம் தாமதமானால் இரவுச் சாப்பாடு ஆறும், அவ்வளவே. அங்கிருந்து ம்தோ வா ம்புவுக்கு இறங்குங்கள். கடைத்தெருவை அப்போது வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை ஒட்டகச்சிவிங்கி வேண்டுமானாலும் வாங்கட்டும்.

இரண்டு ராத்திரி தங்குங்கள். போய்ச் சேர்ந்த மாலையே ஏரிக்கு ஒரு நடை. மறுநாள் விடியலில் மறுபடி ஏரி, வெயில் ஏறுமுன் காலடித் தடங்கள். பதினொரு மணிக்கு மேல் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. நாற்பது டிகிரியைத் தொடும், ஏரியும் கானல் ஓடி, பூநாரைகள் ரோஜாக் கோடாக நடுங்கும். அந்த நேரத்தை அருவிக்குக் கொடுங்கள். பள்ளத்தாக்கில் ஓடையை மாறி மாறிக் கடந்து நடக்க வேண்டும், முழங்கால் நனையும், தண்ணீர் நல்ல தண்ணீர், குளிரும். புடவையோடு வர முடியாது என்று மட்டும் உங்கள் வீட்டுப் பெண்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். லெங்காய் ஏறுவது நம் வயதுக்காரர்களுக்கு அல்ல. கிட்டத்தட்ட 2,960 மீட்டர், வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்குவார்கள், சாம்பல் சரிவில் ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கும். எங்கள் மாப்பிள்ளை சென்னையில் இருந்தவரை ஏறப்போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். காலை வெளிச்சத்தில் மலையைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

ஏஜென்டிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேருவோம், டிரைவர் இந்தப் பாதையில் இதற்குமுன் வந்தவரா, மாற்று டயர் ஒன்றா இரண்டா, மாவட்டக் கட்டணம் யார் தலையில், கேட் தவறினால் விடுதிப் பணம் யார் தலையில். "அதெல்லாம் ஆகாது மேடம்" என்பது பதில் அல்ல. அருஷாவில் இருக்கும் உள்ளூர்க்காரர்களிடம் நேராகப் பேசினால் முதல் போனிலேயே "ஒரு ராத்திரி வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சில்லறை ஷில்லிங் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குக் கையில் கொடுக்கவும், கூடவே நடந்துவரும் மசாய்ப் பெண்களிடம் பாசிமணி வாங்கவும் டாலர் நோட்டு உதவாது. மணி வாங்கும்போது பேரம் வேண்டாம்.

கடைசியாகக் காலணி. கணுக்காலை மூடுகிற, கழுவினால் கெடாத, பழைய கான்வாஸோ ரப்பரோ போட்டுப் போங்கள். அந்தச் சேறு காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துத் தோலை வெடிக்கவைத்துவிடும். அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்றால் போயிற்று. என்னுடையது நூற்றைம்பது ரூபாய் கான்வாஸ், இன்றும் பழவேற்காட்டுக்கு அதைத்தான் போட்டுப் போகிறேன். நாத்தனார் ஏரிக்குள் இறங்கியது பயணத்துக்கென்றே வாங்கிய தோல் செருப்போடு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தச் செருப்புக்கான பணத்தை என் வீட்டுக்காரர் அவள் பிறந்தநாளுக்கு ஜிபே பண்ணிவிட்டார், எனக்குச் சொல்லாமல்.